ஏழு தக்கை மிதவைகள்

நடுக்கோடை விழா வெள்ளியன்று காலை, பட்டறை ஜன்னலில் வரிசையாக வைத்திருந்த பெட்ரோல் புட்டிகளில் ஒன்றைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்தேன். போன வாரம் வரை உச்சியில் மிதந்துகொண்டிருந்த தக்கை, முக்கால்வாசி அமிழ்ந்து கிடந்தது.

இடுக்கியால் எடுத்துத் துடைத்துத் தராசில் வைத்தேன். எட்டு கிராம் இருக்க வேண்டியது. பத்தொன்பது காட்டியது. மேலே நான் பூசியிருந்த வார்னிஷ் பாலாடைபோலச் சுருங்கி, நகம் பட்டதும் உரிந்து வந்தது.

பால் பண்ணை ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால்தான் பழைய கார்களின் கார்புரேட்டர்களைப் பழுது பார்க்க வந்த பிறகும் எதையும் ஊறவைத்து எடை போட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் அந்தக் காலத்துத் தக்கை மிதவைகளுக்கு அரக்குதான் பூச்சு. இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அரக்கு கரைந்துபோகிறது. பித்தளையில் செய்யலாம், ஆனால் வண்டியின் அதிர்வில் பற்றவைத்த ஓரம் விடும். கறுப்பு நுரை ரப்பரில் செதுக்கலாம். என் ஜன்னலில் அது பதினோரு மாதமாக ஊறிக்கொண்டிருந்தது. எடை இம்மியும் கூடவில்லை. ஆனால் பழைய வண்டிக்காரர்களுக்கு அது பிடிப்பதில்லை.

"என் வண்டிக்குள்ள குளிக்கிற ஸ்பாஞ்சையா வைப்பே?" என்று என் வாடிக்கையாளர் சிக்ஸ்தென் கேட்டிருந்தார். அவருக்குத் தக்கைதான் வேண்டும், வண்டி பிறந்தபோது இருந்தது மாதிரி. புது வார்னிஷ் ஒன்று வந்திருந்தது. நான்கு மாதம் ஊறவைத்துப் பார்த்துவிட்டு, போதும் என்று முடிவு செய்து, அவருக்கும் இன்னும் ஆறு பேருக்கும் கொடுத்துவிட்டேன். நான்கு மாதம் போதும் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னது நான்தான்.

மிதவை கனத்தால் ஊசி வால்வு மூடாது. பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். சிக்ஸ்தெனின் வண்டியில் டாங்க் கண்ணாடிக்கு முன்னால் உயரத்தில் இருக்கிறது. நின்றிருந்தாலும் தானாக வழியும். அன்றைக்கு அவரும் மனைவி மைலிஸும் கிரெசோ தீவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதாவது படகில், நாற்பது கார்களுக்கு நடுவே.

அவர் போனை எடுக்கவில்லை. மைலிஸும் எடுக்கவில்லை. கறுப்பு மிதவையைப் புட்டியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு, கருவிப் பெட்டியோடு கிளம்பினேன். படகுத்துறைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் விழா அலங்காரத்துக்கான பிர்ச் மரக்கிளைகளைக் கூரையில் கட்டிய கார்கள் ஊர்ந்தன. எதிரே ஒரு தீயணைப்பு வண்டி வந்தபோது ஓரங்கட்டி ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் ஓட்ட முடிந்தது.

வரிசையில் ஏழாவதாக நின்றிருந்தது அவருடைய பச்சை வண்டி. எஞ்சின் அணைந்திருந்தது. பின்னால் நின்ற காரின் ஆள் கதவில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அதைக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பிடிங்க," என்றேன். அவன் முறைத்தான். வண்டிக்கடியில் கையைக் காட்டினேன். தார்ச்சாலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சிகரெட்டோடு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டான்.

"ஹில்லெவி, நீயும் தீவுக்கா?" என்றார் சிக்ஸ்தென். "ஏறிக்கோ. ஹெர்ரிங் மீன் மூணு வகை இருக்கு."

"பெட்ரோல் குழாயை மூடுங்க, சிக்ஸ்தென்."

"வண்டி நின்னுட்டுதானே இருக்கு."

"நிக்கிறப்பத்தான் வழியும். மூடுங்க முதல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினார்.

"காலையிலேர்ந்து நாத்தம் அடிக்குதுன்னு சொல்றேன்," என்றாள் மைலிஸ். "பழைய வண்டின்னா அப்படித்தான் மணக்கும்னு இந்த மனுஷன் தத்துவம் பேசறார்."

மூன்று பேரும் வண்டியை வரிசையிலிருந்து புல்வெளிக்குத் தள்ளினோம். கார்புரேட்டர் மூடியைத் திறந்து தக்கையை எடுத்தேன். கையில் வைத்ததுமே தெரிந்தது, கனம்.

"என் தப்பு," என்றேன். "சரியா சோதிக்காம கொடுத்துட்டேன்."

அவர் அதை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தார். "நான்தானே பிடிவாதம் பிடிச்சேன்."

"நீங்க ஆசைப்பட்டீங்க. முடியாதுன்னு சொல்ல வேண்டியது நான்."

"அந்த ஸ்பாஞ்சைப் போடு," என்றார் கடைசியில், வேறு பக்கம் பார்த்தபடி. மைலிஸ் சிரிக்கவில்லை, கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

பொருத்தி, மட்டம் சரிபார்த்து, அரை மணி நேரம் குழாயைத் திறந்துவைத்து அடியில் காகிதம் விரித்துக் காத்திருந்தோம். ஒரு சொட்டும் விழவில்லை. அடுத்த படகில் அவர்கள் போனார்கள்.

நான் போகவில்லை. துறைச் சுவரில் உட்கார்ந்து மற்ற ஆறு பேரையும் அழைத்தேன். இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் நன்றி சொன்னார். நான்காமவருடைய வண்டி இன்னும் பிரித்துத்தான் கிடந்தது. ஐந்தாமவர் விருந்து இரைச்சலில் மூன்று முறை என்ன என்ன என்று கேட்டுவிட்டு, ஓடிப்போய் மூடினார். ஆறாவது, ஹெர்னோசாண்டில் தனியாக இருக்கும் டைரா.

"வண்டி கொட்டில்ல நிக்குது. ஞாயித்துக்கிழமை எடுத்தேன்," என்றாள். "குழாயை மூடினேனான்னு ஞாபகம் இல்லை."

"போய்ப் பாருங்க. லைட்டைப் போடாதீங்க, கதவை அகலமா திறந்துட்டு உள்ளே போங்க. போனை வெளியிலேயே வெச்சுடுங்க."

போனைக் கல்மேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு காற்றும் ஏதோ ஒரு பறவையும் மட்டும். நேரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆனது. ஆறு ஆனது. படகு தீவைத் தொட்டு, வெறுமையாகத் திரும்பத் தொடங்கியிருந்தது.

"ஹில்லெவி?"

"சொல்லுங்க."

"குழாய் திறந்துதான் இருந்துச்சு. அடியில தரையெல்லாம் ஈரம். மூடிட்டேன். கதவு ரெண்டையும் திறந்து போட்டுட்டேன்."

"நீங்க வெளியில வந்துட்டீங்களா?"

"வெளியிலதான் நிக்கிறேன். ஏன் அழறே?"

அழவில்லை என்று சொன்னேன். திங்கட்கிழமை நானே வந்து மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன்.