ஒரு கண்ணாடி மட்டும்

மாமனார் கிருபாகரனைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, கூடத்தில் கிடத்திய கையோடு ஷீஜா அவருடைய அறை ஜன்னலைச் சுரண்ட ஆரம்பித்திருந்தாள். சாவு வீட்டில் கிறிஸ்மஸ் ஜோடனை கூடாதென்று ஆண்கள் வாசல் ஸ்டாரைக் கழற்றிவிட்டார்கள். ஜன்னல்தான் பாக்கி. மைதாப் பசை காய்ந்து, கத்தி வைத்தாலும் விடமாட்டேன் என்றது.

ஒட்டியது நாலு நாளைக்கு முன்பு. அவள் பிள்ளைகள் பெனிஷாவும் பிரைட்டனும் கலர்த்தாளை மடித்து வெட்டி குடில், ஆட்டுக்குட்டி, வானதூதர் என்று ஒரு குவியலே செய்துவிட்டார்கள். கூடத்து ஜன்னலில் ஒட்டினால் தெருவே பார்க்கும் என்றார்கள். ஷீஜாதான் தாத்தா அறையில் ஒட்டச் சொன்னாள்.

காரணம் இருந்தது. அந்த ஜன்னலுக்கு எதிரே பஸ் ஸ்டாப். சுடலைக்கண்ணனைக் கட்டிக்கொண்டு போன ரீனா இந்த வீட்டுப் படியேறக் கூடாதென்று அவள் அண்ணனும் ஷீஜாவின் புருஷனுமான எபனேசர் சொல்லியிருந்தான். ரீனாவோ தினமும் ஐந்து மணி டவுன் பஸ்ஸில் வந்து ஸ்டாப்பில் நிற்பாள். அப்பா கட்டிலில் கிடந்தபடியே கையைத் தூக்கிச் சிரிப்பார். அடுத்த பஸ்ஸில் போய்விடுவாள். இரண்டு வருஷமாகப் பீ மூத்திரம் அள்ளியவள் ஷீஜா. அந்தச் சிரிப்பு ஒருநாளும் அவளுக்கு வாய்த்ததில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்றைக்கு ஒட்டிக்கொண்டே கடைசிக் கண்ணாடிக்கு வந்தபோது மாமனார் குழறினார். "ஒரு கண்ணாடிய மட்டும் விட்டுருங்க மக்கா."

பெனிஷா கையை இழுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். ஷீஜா அவளிடமிருந்த நட்சத்திரத்தை வாங்கி, பசையை அப்பி, தானே ஒட்டினாள். கிறிஸ்மஸ் முடியட்டும் மாமா என்று சொல்லிவிட்டாள். அவர் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. ஐந்து மணியானால் மட்டும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவார். நேற்று ஆறு மணிக்குக் கஞ்சி கொண்டு போனபோதும் தலை அந்தப் பக்கம்தான் இருந்தது. மூச்சு இல்லை.

சாவுக்கு மட்டும் வரட்டும் என்று எபனேசர் விட்டுவிட்டான். ரீனா வந்து அப்பாவின் காலடியில் அழுது தீர்த்துவிட்டு, நேரே இந்த அறைக்கு வந்தாள். முடியைப் பிடித்து உலுக்கப் போகிறாள் என்று ஷீஜா சுவரோரம் ஒதுங்கினாள். ரீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜன்னல்ல ஜோடனையப் பாத்ததும் அப்பா எந்திரிச்சுட்டாவன்னு நெனச்சேன் மைனி. பிள்ளைகளோட உக்காந்து ஒட்டிருப்பாவன்னு. நிம்மதியாப் போயிட்டேன். பெறவு வரவே இல்ல."

ஷீஜா மறு கையிலிருந்த கத்தியை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"என்னையக் கேட்டாவளா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அந்த இரண்டு வருஷமும் சேர்ந்து வாய்க்கு வந்து நின்றது.

"கேக்கல," என்றாள்.

ரீனா தலையாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியில் ஒரு தம்ளர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க மைனி. எங்கப்பாவ நீங்கதான பாத்தீங்க."

ஷீஜா வாங்கிக் குடித்தாள். சீனி சரியாக இருந்தது.