எழுபதாவது கிலோமீட்டரில் ஒரு பை

நூறு கிலோமீட்டர் ஓட்டம் என்றால் சும்மா இல்லை, கண்ணுகளா. விடியற்காலையில் கிளம்பி, ஆற்றங்கரையை விடாமல் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும். அதுவும் மூச்சு விட்டால் புகையாய்த் தெரிகிற குளிரில். ஆளுக்கொரு பை கட்டிக் கொடுத்தால், ஓட்டம் நடத்துகிறவர்கள் அதை வேனில் ஏற்றி எழுபதாவது கிலோமீட்டர்க் கூடாரத்தில் வைத்திருப்பார்கள். மாற்றுக் காலுறை, தின்ன ஏதாவது இருக்கும். நாலு மணிக்குள் வந்தவர் பையைப் பிரிக்கலாம், நாலு அடிப்பதற்குள் கிளம்பிவிட்டால் மேலே ஓடலாம். நடுவழியில் நின்றவருடைய பை கட்டுப் பிரியாமல் வீடு திரும்பும்.

லிஃப்ட் மெக்கானிக்கின் பை போன வருடம் அப்படித்தான் திரும்பியது. ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில் முழங்கால் மடங்கிவிட்டது. பையைக் கட்டியவள் அவர் மனைவி. வீட்டுக்கு வந்ததும் அவளே முடிச்சில் கை வைத்தாள்.

"தொடாதே! அடுத்த வருஷம் ஓடிப் போய் நானே பிரிப்பேன். அதுவரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது."

"இல்லீங்க, அதுல..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தோற்றுவிட்டு வந்த முகம். "சரி, உங்க இஷ்டம்" என்று விட்டுவிட்டாள். பை அலமாரி மேலே ஏறியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வெறுங்கையோடு கடைக்குப் போனாள். விரல்களை ஊதி ஊதி மாடியில் துணி உலர்த்தினாள்.

"கையுறை எங்கே? தொலைச்சுட்டியா? சின்னப் பிள்ளை தோத்துது போ."

"தொலையல. பத்திரமா ஒரு இடத்துல இருக்கு."

"எந்த இடம்னுதான் மறந்துபோச்சாக்கும்! புதுசு வாங்கிக்கோயேன்."

"இருக்கறப்போ எதுக்கு இன்னொண்ணு?"

மழைக்காலத்தில் மூன்றே நாள் காய்ச்சல். அவள் போய்விட்டாள்.

இந்த வருடம் அதே பையை, அதே முடிச்சோடு வேனில் ஏற்றினார். பதக்கமெல்லாம் அவருக்கு வேண்டாம். அவள் கட்டியதை, தான் சொன்ன இடத்துக்கு ஓடிப் போய்ப் பிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

கூடாரத்தில் அவளுடைய தம்பி காத்திருந்தான். மூன்று ஐம்பதுக்கு அவர் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வாங்க அத்தான்! வாரம் பூரா மேலயும் கீழயும் போற மனுஷன், நேரா ஓடச் சொன்னா இப்படித்தான்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, நனைந்து விறைத்த தன் கையுறைகளைக் கழற்றிப் போட்டார். தம்பி கத்தரிக்கோலை நீட்டினான். வாங்கவில்லை. மரத்த விரல்களால் முடிச்சைப் பிரிக்க ஐந்து நிமிடம் பிடித்தது.

காலுறை. நமுத்துப்போன பிஸ்கட். அடியில் ஒரு ஜோடி பழுப்புக் கம்பளிக் கையுறை. கட்டைவிரலில் நீல நூல் தையல். அவளுடையது.

தம்பிதான் மெதுவாகச் சொன்னான்.

"உங்களுது நனைஞ்சுடும், மாத்துக்கு இருக்கட்டும்னு அக்காதான் வெச்சா. நீங்க பையப் பிரிக்கக் கூடாதுன்னுட்டீங்க. 'அவர் இல்லாதப்போ எடுத்துக்கயேன்க்கா'ன்னு நான்கூட சொன்னேன். 'அவரே போய் எடுத்துட்டு வரட்டும்டா'ன்னா."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா?"

நேரம் குறிக்கிற பெண் எட்டிப் பார்த்தாள். "சார், மூணு நிமிஷம்தான் இருக்கு. ஓடறீங்களா, நிறுத்திக்கறீங்களா?"

"நிறுத்திக்கறேன்மா."

தம்பிக்கு என்ன வந்ததோ, மண்டியிட்டு அந்தக் கையுறையை எடுத்து அவர் விரல்களில் மாட்டத் தொடங்கினான். "அவ கை விறைச்சது நீங்க இங்க உக்காரறதுக்கா? எந்திரிங்க அத்தான்."

பாதி விரல் வரைக்கும்தான் ஏறியது. அப்படியே எழுந்தார்.

ஆற்றோரமாய் இன்னும் முப்பது கிலோமீட்டர் இருந்தது. கண் வழிந்தபோதெல்லாம் அவர் கையைத் தூக்கவில்லை. அவள் கையுறை நனையாமல், தோளை உயர்த்திச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடினார்.