மாட்டுங்காக்காரருக்குக் கொடுக்காத கீபோர்டு

பேரம் பேசுகிறவர்களைக் கண்டாலே டென்சிலுக்கு ஆகாது. காய்கறி வாங்கிவிட்டுக் கொத்தமல்லியைச் சும்மா கேட்கிறவர்களைக்கூட அவன் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பான். அப்படிப்பட்டவன் ஆன்லைனில் கீபோர்டு விற்க உட்கார்ந்தான்.

மும்பை தாராவியில் அவனுக்கும் ரீனாவுக்கும் மாடியில் ஒரு கோலி, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவுக்கும் வாசிப்பான். பிப்ரவரியில் எழுபத்தாறு கட்டை உள்ள பெரிய கீபோர்டு ஒன்றை வாங்கினான். அது வீட்டுக்குள் வந்ததும் மனிதர்கள் திரும்ப இடம் இல்லாமல் போயிற்று. பழையதை இந்த மாதத்துக்குள் விற்றாக வேண்டும் என்று ரீனா சொல்லிவிட்டாள். அவள் ஐரோலியில் ஒரு கம்பெனியில் பில் பிரிவில் வேலை பார்ப்பவள். சொன்னால் சொன்னதுதான்.

பழைய கீபோர்டு ஜப்பான் சாமான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். டென்சில் தொண்ணூற்றைந்து என்று போட்டான். எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்குவதில்லை என்பது அவன் மனசுக்குள் இருந்த கணக்கு.

விளம்பரம் போட்ட அன்றே போனில் ஆட்கள் வந்தார்கள். விலை எழுதியிருந்ததற்கு நேர் கீழே ஒருவன் விலை என்ன என்று கேட்டான். ஒருவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்கிறீர்களா என்றான். இன்னொருவன் தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் மட்டும் அனுப்பினான். இருபதாயிரம், ரொக்கம், இன்றே வருகிறேன் என்று ஒருவன் எழுதியதற்கு, பொம்மைக் கடையில் போய்ப் பார் என்று டென்சில் பதில் போட்டான். இவர்களெல்லாம் சங்கீதத்துக்கும் வெண்டைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத ஜாதி என்று ரீனாவிடம் சொன்னான். வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்றாள் அவள்.

மூன்றாம் நாள் வெங்கடேஸ்வரனின் செய்தி வந்தது. வசதியான தமிழர்கள் இருக்கும் மாட்டுங்காவைச் சேர்ந்தவர், இன்சூரன்ஸ் ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் ஸ்ரீலேகாவுக்காகக் கேட்டார். வருஷத்துக்கு இத்தனை சதவீதம் தேய்மானம் என்று கணக்குப் போட்டு, நியாயமான விலை ஐம்பத்தைந்தாயிரம் என்று முடித்திருந்தார். கணக்கில் பிழை இல்லை. அதுதான் டென்சிலுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

ஒன்பது நாள் அந்தப் பேச்சு நடந்தது. அறுபத்தொரு கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்தி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். டென்சில் அனுப்பினான். பில் கேட்டார். போட்டோ எடுத்து அனுப்பினான். பில்லில் இருக்கும் பெயர் உங்களுடையதுதானா, ஆதார் காட்ட முடியுமா என்று கேட்டார். தாராவி என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது என்பதை டென்சில் கவனித்தான். திருட்டுச் சாமானா என்று நேராகக் கேட்டிருந்தால்கூட மதித்திருப்பேன் என்று ரீனாவிடம் சொன்னான். கடைசியில் எழுபதுக்கு ஏறி, சனிக்கிழமை நாலு மணிக்கு நேரில் வருவதாக எழுதினார்.

அதே சனிக்கிழமை மாரிக்கண்ணன் என்று இன்னொருவனும் வருவதாகச் சொல்லியிருந்தான். வாஷியில் இருக்கிறவன். அவன் அனுப்பிய செய்தியே வேறு மாதிரி இருந்தது. அண்ணாச்சி என்று ஆரம்பித்து, அம்மாவுக்கும் நம்ம நாசரேத் பக்கம்தான் என்று சொல்லி, வந்து ஒரு தடவை பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டிருந்தான். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனுசன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று டென்சில் நினைத்துக்கொண்டான்.

வெங்கடேஸ்வரன் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி இரும்பு ஏணியில் ஏறி வந்தார். மகள் வரவில்லையா என்று ரீனா கேட்டதற்கு, அவளை இங்கெல்லாம் அழைத்து வர முடியாது என்றார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ரீனா கொடுத்த டீயைத் தொடவில்லை. இப்போதுதான் காபி சாப்பிட்டேன் என்றார்.

பிறகு வீடியோவில் பார்த்த அறுபத்தொரு கட்டையையும் மறுபடி ஒரே விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒரு கறுப்புக் கட்டையில் லேசாகச் சத்தம் வருகிறது என்றார். பின்பக்கத்துக் கீறலை டார்ச் அடித்துப் பார்த்தார். இந்தப் பக்கத்துச் சாமானை நாளைக்கு விற்கப் போனால் பாதி விலைகூட வராது என்றார். எழுபத்தெட்டு, அதுவும் பாவம் பார்த்து.

எண்பத்தெட்டு என்றான் டென்சில்.

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அதுவரை போனில் நீங்கள் என்று எழுதியவர், வீட்டுக்குள் வந்ததும் நீ என்று மாறியிருந்தார்.

"எம்பத்தெட்டாயிரத்தை நீ மொத்தமாக் கையில வெச்சுப் பார்த்திருக்கியோ?" என்று கேட்டார்.

சமையல் மூலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரீனா குழாயை மூடினாள். டென்சிலுக்குக் காது சூடானது. அந்த நேரம் பார்த்து மாரிக்கண்ணன் ஏணியில் ஏறி வாசலில் நின்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ரீனா கொடுத்த டீயை வாங்கி, நின்றபடியே குடித்து முடித்தான். கீபோர்டில் இரண்டு கையும் வைத்து நாலைந்து சுரங்களைச் சேர்த்து வாசித்தான். "கை வச்சதுமே தெரியுது அண்ணாச்சி. பிள்ளையப்போல வச்சிருக்கீக," என்றான். பிறகு போனை எடுத்து, எவ்வளவு அனுப்பட்டும் என்று கேட்டான்.

டென்சில் மாரிக்கண்ணனைப் பார்க்கவில்லை. வெங்கடேஸ்வரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எழுபத்தஞ்சு."

அவர் வாய் திறந்தபடி இருந்தது. "நான் எழுபத்தெட்டு சொன்னேனே," என்றார்.

"ஒங்களுக்குக் குடுக்கதா இல்ல, சார்."

மாரிக்கண்ணன் பணத்தை அனுப்பிவிட்டான். டென்சிலின் போனில் மணி அடித்தது. வெங்கடேஸ்வரன் எழுந்து எண்பது என்றார். வாசலுக்குப் போய் எண்பத்தைந்து என்றார். லட்ச ரூபாய் தந்தாலும் இல்லை என்றான் டென்சில். அவர் ஏணியில் பின்பக்கமாக, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினார். அதைப் பார்க்க டென்சில் வாசலுக்கே வந்து நின்றான். அவ்வளவு சந்தோஷமாக அவன் பல வருஷம் இருந்ததில்லை. பில், அடாப்டர், கவர் எல்லாவற்றையும் தானே கட்டி, கீபோர்டைத் தோளில் சுமந்து மாரிக்கண்ணனின் டாக்ஸி வரை கொண்டு போய் வைத்தான்.

திரும்பி வந்தபோது ரீனா அந்தத் தொடாத டீயைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பத்தாயிரம் ரூவா செலவழிச்சு அவர அசிங்கப்படுத்தியிருக்கீங்க," என்றாள். "இன்னுங் கொஞ்சம் மலிவா முடிச்சிருக்கலாம்."

மானம் என்று ஒன்று இருக்கிறது என்று டென்சில் சொன்னான். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மூன்று வாரம் கழித்து, சர்ச் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. வெங்கடேஸ்வரன். நீயும் அந்த ஆளும் கூட்டுச் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்தினார். டென்சிலுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது.

செம்பூரில் ஒரு கடையில் அவர் கீபோர்டு வாங்கியிருக்கிறார். ஏசி போட்ட கடை. பளபளவென்று துடைத்து, புதுக் கவர் மாட்டி, அட்டைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒரே வருஷம் பழசு என்று பில்லில் எழுதி, ஆறு மாத கேரண்டி அட்டையும் கொடுத்தார்கள். தொண்ணூற்றெட்டாயிரம். அந்த இடத்தில் பேரம் பேச அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. வீட்டில் ஸ்ரீலேகா அதன் மெமரியைத் திறந்தபோது, டென்சில் சண்டே ஒன்று, டென்சில் சண்டே இரண்டு என்று பன்னிரண்டு வரை, சர்ச்சுக்காக அவன் சேமித்து வைத்திருந்ததெல்லாம், வரிசையாக வந்திருக்கிறது.

டென்சில் சிரிக்க ஆரம்பித்தான். அடக்க முடியவில்லை, கண்ணில் நீர் வந்தது. பிறகு எழுபத்தைந்துக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவர் திட்டுவதற்காக மட்டும் கூப்பிடவில்லை. சாமான் மூன்று வருஷம் பழசு என்று நிரூபித்தால் கடைக்காரனைப் பிடிக்கலாம். அதற்கு அந்தப் பழைய பில்லின் போட்டோ வேண்டும். டென்சில் அனுப்பியதை அன்றைக்கே கோபத்தில் அழித்துவிட்டாராம். நீ திரும்பவும் நீங்கள் ஆகியிருந்தது.

"சும்மா வேண்டாம். ஆயிரம் ரூபாய் தரேன்," என்றார்.

ரீனா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் பத்தாயிரம் என்று எழுதி அவன் முன்னால் வைத்தாள்.

"சரி, ரெண்டாயிரம்," என்றார் அவர்.

ஒரு லட்ச ரூபாய்ச் சாமானுக்காக இந்த ஆள் ஆயிரம் ஆயிரமாக ஏறுகிறார் என்பதே டென்சிலுக்கு அருவருப்பாக இருந்தது. இவரோடு உட்கார்ந்து விலை பேசினால் தானும் இவர்தான் என்று தோன்றியது. ரீனாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஒங்க காசு எனக்கு வேண்டாம், சார். சும்மாவே தாரேன்."

போட்டோவை அனுப்பினான். ஏதாவது ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தான். நீல டிக் வந்தது. அதோடு சரி.

புதன்கிழமை மாரிக்கண்ணன் கூப்பிட்டான். முன்பிருந்த பணிவு குரலில் இல்லை. பழைய பில்லைக் காட்டி போலீஸுக்குப் போவேன் என்று மிரட்டி, வெங்கடேஸ்வரன் கடையிலிருந்து பதினெட்டாயிரம் திரும்ப வாங்கிவிட்டார். கடைக்குப் பழைய சாமான் பிடித்துக் கொடுக்கிறவன் மாரிக்கண்ணன்; கடைக்காரன் அதை அவன் பங்கில் பிடித்துக்கொண்டான். அப்படியென்றால் கீபோர்டு அவருக்கு எண்பதாயிரத்துக்கு முடிந்திருக்கிறது.

"நான் ஒங்ககிட்ட வெல கேட்டனா? ஒரு ரூவா கொறைங்கன்னு சொன்னனா?" என்றான் மாரிக்கண்ணன். "நீங்களாத்தான எழுபத்தஞ்சுன்னீக. இப்ப அந்த ஆளுக்குப் போயி பில்லயும் குடுத்திருக்கீக. வெவரம் இல்லாத ஆளு அண்ணாச்சி நீங்க."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவன் இன்னும் கொஞ்சநேரம் பேசிக்கொண்டே போனான். பல வருஷமாக மற்றவர்களைப் பற்றி டென்சில் பேசிய அதே தொனியில் இப்போது ஒருவன் அவனைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

ரீனா கையை நீட்டி போனை வாங்கினாள். திட்டப் போகிறாள் என்றுதான் டென்சில் நினைத்தான். அவள் மாரிக்கண்ணனிடம் அவன் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் இரண்டு ஸ்பீக்கர் கிடக்கிறது, நல்ல கண்டிஷன், செம்பூர்க் கடையில் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். அது பத்தாது என்றாள் அவள், கோபம் கொஞ்சமும் இல்லாமல், தரையில் சௌகரியமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.