பிடித்த வரி

கையில் ஒட்டியிருந்த குளிர்ந்த ஜெல்லைத் துடைத்துவிட்டு, அடுத்த நோயாளி சட்டைப் பொத்தான்களைக் கழற்றி முடிப்பதற்குள், அவள் போனை எடுத்துத் தோழி ஊசியின் புது வலைப்பூப் பதிவைத் திறந்தாள். விரலால் ஒரே இழுப்பு. பக்கம் அடிவரை ஓடி நின்றது. "வலிக்குக்கூட வரிசையில் நிற்கத் தெரியும்" என்பது கடைசி வரி. அதை அப்படியே நகலெடுத்துப் பின்னூட்டப் பெட்டியில் ஒட்டி, கீழே எழுதினாள்: "இந்த வரியை விட்டு நகர முடியவில்லை. பிரமாதம், ஊசி!" போன் மறுபடி பைக்குள் போனது.

"மூச்சப் பிடிக்காதீங்க. சாதாரணமா விடுங்க," என்றாள் கட்டிலில் படுத்திருந்த பெரியவரிடம்.

அன்று புதன்கிழமை. புதன்கிழமை அவர்களுக்குப் பதிவு நாள்.

மொத்தம் நான்கு பேர். நான்கு பேருக்கும் ஆளுக்கொரு வலைப்பூ. பேருந்து ஓட்டும் டிரைவர், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர், துணி திருத்தும் கடை வைத்திருந்த ஊசி, மருத்துவமனையில் பதினாறு வருடமாக இதயங்களைப் படமெடுக்கும் இவள். இவளுக்கு அவர்கள் வைத்த பெயர் இ.சி.ஜி. தங்கள் குழுவுக்கு 'வேற வேலை இல்லாதவங்க' என்று பெயர் வைத்திருந்தார்கள். டீச்சரின் வீட்டுக்காரர் ஒருநாள், "பொம்பளைங்க உரிமை, பொம்பளைங்க உரிமைன்னு எழுதிட்டே இருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா?" என்று கேட்டதன் நினைவாக. கேட்ட நேரத்தில் டீச்சர் அவருடைய சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாளாம்.

எழுதியதும் சுட்டியைக் குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் மறுநாள் மாலைக்குள் படித்துப் பின்னூட்டம் இட வேண்டும். விதி போட்டவள் ஊசி. தன் அக்காளை அவள் புருஷன் அடித்ததைப் பற்றி ஊசி ஒருமுறை எழுதியபோது, உறவுக்காரி ஒருத்தி "சூப்பர், மேலும் வளர வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்து ஊசி கறாராகிவிட்டாள்.

"அருமை, சூப்பர், கைதட்டுற பொம்மை எல்லாம் இங்க செல்லாது. எந்த வரி பிடிச்சிதுன்னு எழுதணும். அப்பத்தான் படிச்சீங்கன்னு நம்புவேன்."

ஒரு வருடமாக இ.சி.ஜி. அந்த விதிக்கு ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவளுடைய பிரிவில் ஆள் குறைந்து வேலை கூடியிருந்தது. முதல் வாரம் உண்மையிலேயே நேரமில்லை. கடைசி வரியை மட்டும் எடுத்துப் போட்டாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெண்கள் பதிவை முடிக்கும்போது எப்போதும் ஒரு நல்ல வரியாகப் பார்த்துத்தான் முடிக்கிறார்கள். அதைப் பாராட்டினால் மனம் குளிர்ந்துபோகிறது. அடுத்த வாரமும் அப்படியே செய்தாள். பிறகு நேரம் இருந்த வாரங்களிலும் அப்படியே ஆனது. கூத்து என்னவென்றால், "நம்மள்ல ஒழுங்கா படிக்கிறவ இ.சி.ஜி. ஒருத்திதான்" என்று ஊசியே குழுவில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று ஒரு மணி நேரம் கழித்து ஊசியின் பதில் வந்தது. "நீ படிச்சிட்டேல்ல? அது போதும்டி. நிம்மதி."

இதில் நிம்மதிக்கு என்ன இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. வாசலில் ஏழு பேர் காத்திருந்தார்கள். சிவப்பு இதயம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை டிரைவர் அழைத்தபோது அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க இருக்க?"

"வீட்டுலதான். ஏன்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"உட்காரு முதல்ல."

"சொல்லுடி."

"ஊசி போயிட்டா." பின்னால் பணிமனையில் வண்டி ஒன்று உறுமிக்கொண்டே இருந்தது. "நேத்து ராத்திரி கடைய சாத்திட்டு மேல ஏறிருக்கா. ரெண்டாவது மாடி திருப்பத்துலயே உட்கார்ந்துட்டாளாம். பொண்ணு பாக்கும்போது... ஹார்ட்டாம்டி. நம்ம ஊசிக்குப் போயி ஹார்ட்டாம்."

எல்லாம் முடிந்து திரும்பும் பேருந்தில்தான் இ.சி.ஜி. அந்தப் பதிவைத் திறந்தாள். ஊசியின் குரலை ஒருமுறை கேட்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான் காரணம். பதிவின் தலைப்பு 'படிக்கட்டு'. கடையிலிருந்து மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறும்போது இடையில் நின்று, யாராவது பார்த்தால் போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வதைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடுகிற பெண்கள், தங்களுக்கு வந்ததை மட்டும் 'அப்புறம்' என்று மடித்து வைப்பதைப் பற்றி எழுதியிருந்தாள். நான்காவது பத்தியில் இப்படி இருந்தது:

"தாடையில் தொடங்கி இடது தோளுக்கு இறங்குகிறது. நின்றால் போய்விடுகிறது, ஏறினால் வருகிறது. பத்து நாளாக இப்படித்தான். எங்களில் ஒருத்தி நாள் முழுக்க இதயங்களைப் படமெடுக்கிறாள். அவள் இதைப் படிப்பாள். ஓடு என்று அவள் சொன்னால் ஓடுகிறேன். சொல்லவில்லை என்றால், இந்த வாரம் பதினோரு பேண்ட்டுக்கு விளிம்பு மடிக்க வேண்டியிருக்கிறது."

அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அதற்கடுத்ததும் போயிற்று.

பக்கத்து இருக்கைக்காரி இப்படிச் சொல்லியிருந்தால்கூடக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். ஏறினால் வருவது, நின்றால் போவது, தாடை, தோள்: பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அவளே முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது. ஊசி அதை அவளுக்குக் கடிதமாகவே எழுதிவைத்திருந்தாள். இவள் அதற்குப் பிரமாதம் என்று பதில் சொல்லியிருந்தாள்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் மட்டும் கை தன்பாட்டுக்கு ஓடியது. தான் எழுதிய பின்னூட்டத்தை அழிக்க முடியும். அழிக்கும் பொத்தான்மேல் இரண்டு முறை விரலை வைத்தாள். அதை அழித்தால் அதன் கீழே தொங்கும் ஊசியின் பதிலும் சேர்ந்து போய்விடும். விரலை எடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர் ஒருநாள் போனில், "நானும் அந்தப் பதிவப் படிச்சேன்டி. தாடை வலின்னு பாத்ததும் பக்குன்னுச்சு. கீழ பாத்தா நீ கமெண்ட் போட்டிருந்த. சரி, இ.சி.ஜி. பாத்துட்டா, கவலையில்லன்னு வண்டிய எடுத்துட்டேன்," என்றாள். குற்றம் சாட்டுகிற தொனி அதில் துளியும் இல்லை. இவள், "ம்" என்றாள். அந்த 'ம்' அவளை மூன்று நாள் தின்றது.

நான்காவது வாரப் புதன்கிழமை ஊசியின் மகள் மூன்று பேரையும் கடைக்கு வரச் சொன்னாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் இருபத்து மூன்று வயதுப் பெண். அம்மாவைப் பற்றி ஆளுக்கொன்று எழுதி வாருங்கள், வாசித்துக் காட்டுங்கள், அம்மாவின் வலைப்பூவிலேயே போடுகிறேன் என்றாள்.

பட்டறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுவரோடு நீண்ட கம்பியில், யாரும் இன்னும் வந்து வாங்காத துணிகள் சீட்டு குத்தியபடி தொங்கின. டிரைவர் முதலில் வாசித்தாள். பெண் ஓட்டுநர்களுக்குத் தந்த சீருடைப் பேண்ட்டில் பையே வைக்காமல் தைத்திருந்ததையும், ஊசி பதினெட்டுப் பேண்ட்டுகளுக்குப் பை வைத்துக் கொடுத்ததையும் எழுதியிருந்தாள்.

"மேனேஜர் கேட்டாரு, 'உங்களுக்கெல்லாம் பை எதுக்கும்மா?'ன்னு. நான் போயி ஊசிகிட்ட சொன்னேன். 'கைய வைக்கத்தான், இல்லன்னா அவர் கன்னத்துல வச்சிடுவோம்னு சொல்லு'ன்னா."

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். டீச்சர் தன்னுடையதைப் பாதிவரைதான் வாசிக்க முடிந்தது. மீதியை டிரைவர் வாங்கி வாசித்தாள்.

அடுத்தது இ.சி.ஜி. அவள் கையில் நான்கு பக்கம் இருந்தது. 'நம்பப்படாத நெஞ்சு' என்று தலைப்பு. பாடப் புத்தகங்களில் ஆணின் மார்பையே வரைந்து காட்டுவது, பெண்ணுக்கு மாரடைப்பு வேறு விதமாகவும் வரும் என்பது பலருக்குத் தெரியாதது, வலி என்று வரும் பெண்ணிடம் 'வீட்டுல ஏதாவது டென்ஷனா?' என்று கேட்டு அனுப்புவது, தன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கவும் பெண்ணுக்கு நேரம் தராத வீடுகள். நன்றாகவே எழுதியிருந்தாள். உலகத்தில் எல்லார்மேலும் அதில் கோபம் இருந்தது. அவள் மட்டும் அதில் எங்கும் இல்லை.

தாளைப் பிரித்தபோது மகள், "சித்தி, ஒரு நிமிஷம்," என்றாள். "நீங்க வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். உங்ககிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்."

"சொல்லுடா."

"வியாழக்கிழமை அம்மா எங்கிட்டயும் சொன்னாங்க. தாடை வலிக்குதுன்னு. நான் போனைப் பாத்துக்கிட்டே, 'வாயுவா இருக்கும்மா, மாத்திரை போடு'ன்னேன். அவங்களும், 'ஆமா, இ.சி.ஜி. படிச்சிட்டா, ஒண்ணும் சொல்லல. அப்ப ஒண்ணும் இருக்காது'ன்னு மெஷின்ல உட்கார்ந்துட்டாங்க." அவள் மேசையிலிருந்த துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியை உருட்டினாள். "முதல் வாரம் பூரா என்னால தூங்க முடியல. அப்புறம் யோசிச்சேன். தினமும் இதையே பாக்குற சித்திக்கே படிச்சும் தெரியல. எனக்கு எப்படித் தெரியும்? இத நினைச்சுத்தான் சித்தி தூங்குறேன்."

டீச்சர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இ.சி.ஜி.யின் தொண்டைக்குள் வேறொரு பதில் தயாராக இருந்தது. ஆமாடா, சில நேரம் எங்களுக்கே தெரியாது. இதைச் சொன்னால் இந்தப் பெண் இன்றைக்கும் தூங்குவாள். புதன்கிழமைகள் தொடரும். வேலை தெரியாதவள் என்ற பெயரோடு தானும் காலத்தை ஓட்டிவிடலாம். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே பிடிமானம் போகும். ஆனால் அந்தப் பிடிமானத்தின் அடியில் 'எனக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்வியோடு இந்தப் பெண் நாற்பது, ஐம்பது வருடம் கிடப்பாள். பதில் தெரிந்த ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்து, வருடத்துக்கொரு நினைவுப் பதிவு எழுதிக்கொண்டிருப்பாள்.

அவள் தாளை மடித்தாள்.

"எனக்குத் தெரியும்டா," என்றாள். "அது என்ன வலின்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்புறம் ஏன் சித்தி சொல்லல?"

"நான் படிக்கல."

டிரைவர் நிமிர்ந்தாள். "என்னடி உளர்ற? நீ போட்ட கமெண்ட நான் பாத்தேனே."

"கடைசி வரிய மட்டும் எடுத்துப் போட்டேன். ஒரு வருஷமா எல்லாருக்கும் அப்படித்தான் பண்றேன். உனக்கும், டீச்சருக்கும்." மடித்த தாளை மேசைமேல் வைத்தாள். "அவ என்னைத்தான் கேட்டிருந்தா. படிச்சிருந்தா அன்னைக்கே ஆட்டோ வச்சி இழுத்துட்டுப் போயிருப்பேன். பொழச்சிருப்பாளான்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா படிக்கட்டுல தனியா உட்கார விட்டிருக்க மாட்டேன். நீ வாயுன்னு நினைச்சது தப்பே இல்லடா. உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல. எனக்குத் தெரியும். நான்தான் பாக்கல."

டீச்சர் தன் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். தன்னுடைய எந்தெந்தப் பதிவுகளின் கடைசி வரிகள் பாராட்டப்பட்டன என்று யோசிக்கிறாளோ என்னவோ.

மகள் அழவில்லை. முகம் மட்டும் இறுகிச் சிறுத்துப்போயிற்று.

"அம்மா உங்களத்தான் சொல்வாங்க," என்றாள் கடைசியில். "ஒழுங்கா படிக்கிறவன்னு."

"தெரியும்."

"இப்பவாவது முழுசா படிச்சீங்களா?"

இ.சி.ஜி. தலையாட்டினாள், இல்லை என்று. "நாலாவது பத்தி வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல முடியல."

"அப்ப படிங்க." மகள் தன் போனில் பதிவைத் திறந்து மேசைமேல் தள்ளினாள். "என் எதிர்லயே படிங்க. சத்தமா."

"விடும்மா," என்றாள் டிரைவர். "அவளே நொந்து போயிருக்கா. இன்னொரு நாளைக்கு..."

"இல்ல அத்தை. இன்னைக்குப் படிக்கட்டும்."

யாரும் எழவில்லை. டிரைவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தாள், குரல் கேட்கட்டும் என்று. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மகள் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். மன்னிப்பதற்கான முகமல்ல அது. ஆனால் எழுந்து வெளியே போ என்றும் சொல்லவில்லை.

இ.சி.ஜி. போனை அருகே இழுத்துக்கொண்டாள். திரையில் எழுத்துகள் கலங்கின. புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்தின் உச்சியில் இருந்து தொடங்கினாள். அங்கே தலைப்பு இருந்தது. அதன் கீழே ஊசியின் பெயர், பிறகு தேதி. அதற்குப் பக்கத்தில், எல்லாப் பதிவுகளிலும் வலைப்பூ தானாகவே போட்டுவைப்பதுபோல், பொடி எழுத்தில்: படிக்க நான்கு நிமிடம்.