பலகைக்குப் பின்னால் இல்லாத கம்பிகள்

1
இந்தக் கதை எனக்கு ஒரு கிணற்றடியில் கிடைத்தது. முகம் கழுவப் போன இடத்தில் கப்பியைத் தாங்கி இரண்டு கோண இரும்புகள் நின்றன. ஒரு வாளித் தண்ணீருக்கு அவ்வளவு தடித்த இரும்பு தேவையில்லை. இரும்பு சுமந்து வளர்ந்தவனுக்கு இது கண்ணில் குத்தும். வேறெதற்கோ வாங்கியது என்று நினைத்தேன். மிச்சமெல்லாம் கற்பனை.

2
முதல் தொடக்கம்: ‘பனிச்சங்கேணி வாவியில் வெயில் பொன்னாய்—’ (அடித்துவிட்டேன். தகரக் கூரையில் வேலை செய்தவன் வெயிலை அப்படிச் சொல்லமாட்டான்.)

இரண்டாவது: நிரோசன் இரும்பு ஒட்டுகிறவன். மீனவர் சங்கத்தின் வலைக் கொட்டிலுக்கு இரும்புச் சட்டம் அடித்தவன் அவன்தான். துருப்பிடித்த தகரம் முழுவதையும் கழற்றி மாற்றும் வேலையும் இப்போது அவனுக்கே வந்தது. சட்டம் தாங்குமா என்று கணக்குப் பார்க்க மட்டக்களப்பிலிருந்து பொறியியலாளர் கம்சாயினி வந்தாள். (முதல் வரைவில் அவளுக்குத் திமிர் கொடுத்திருந்தேன். எழுதச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் குந்தியிருந்து, சுண்ணக்கட்டியால் நிலத்தில் படம் கீறி விளங்கப்படுத்தினாள். திமிர் ஒட்டவில்லை.)

“நாலு கம்பில ஒரு பெட்டி, அண்ணன். பக்கத்தால தள்ளினா சரியும். மூலைக்கு மூலை ஒரு கம்பி போட்டாச் சரியாது. தகரத்த இறுக்கி அடிச்சிருந்தாலும் சரியாது. நீங்க தகரமெல்லாத்தையும் கழட்டப் போறீங்க. மூலைக் கம்பி எங்க?”

“பலகைக்குப் பின்னால இருக்கு, மிஸ்.”

“ரெண்டு பக்கமும்?”

“அடிச்சவன் நான். எனக்குத் தெரியாதா?”

பலகைச் சுவரோடு வலைகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாள். கடதாசியில் சட்டம் நின்றது.

3
(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது. பெருத்துவிட்டது.)

முன்பு வந்த பெருவெள்ளத்தில் ஊருக்கு இருந்த ஒரே மேடு அந்தக் கொட்டிலின் நடுமேடைதான். அப்போது பக்கங்கள் திறந்துதான் கிடந்தன; ஆனால் தோணிகள் உள்ளே வர மூலைக் கம்பிகள் விடவில்லை. நிரோசன் இடுப்பளவு நீரில் நின்று இரண்டையும் அறுத்தெறிந்தான். பிள்ளைத்தாய்ச்சிகளும் நடக்கமாட்டாதவர்களும் அந்த வழியால்தான் உள்ளே வந்தார்கள். ஒன்பது நாள். எல்லாருக்கும் ஒரே கிடாரத்தில் சோறு. வருடக்கணக்காக முகம் பாராதவர்கள் ஒரே பக்கத்தில் இருந்து கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். போகிற வருகிறவர்களெல்லாம் நிரோசனின் முதுகில் தட்டினார்கள். தன் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் இன்றும் அவன் அந்த ஒன்பதைத்தான் சொல்வான்.

தண்ணீர் வற்றியது. ஆளாளுக்குத் தங்கள் படலையைச் சாத்திக்கொண்டார்கள். மூலைக் கம்பிகளுக்கென்று சங்கம் புதுக் கோண இரும்பு இரண்டு கொடுத்தது. அவன் வீட்டுக் கிணற்றுக் கப்பிமரம் வெள்ளத்தோடு போயிருந்தது. ஒரு மாதத்துக்கு மட்டும் என்றுதான் அந்த இரண்டையும் அங்கே கொண்டுபோனான். கொட்டிலில் வெளியே தகரமும் உள்ளே பலகையும் அடித்து மூடினான்.

4
வேலை தொடங்கிய காலை. கூரையில் ஆறு பேர். ஒருவன் நிரோசனின் மனைவி சுலோஜனாவின் தம்பி நிலோஜன்.

“மச்சான்! இஞ்ச வச்சுத்தானே கள்ள ஆட்டம் ஆடி என்னைய வெண்டீங்க!”

“நீ தோக்கிறதுக்கு நான் கள்ளம் வேற அடிக்கணுமாடா?”

மேலே சிரித்தார்கள். நிரோசனும் சிரித்தான். தேத்தண்ணி கொண்டுவந்த சுலோஜனா சிரிக்கவில்லை.

“கம்பி ரெண்டும் நம்மட கிணத்தடியில நிக்குது. மேல நிக்கிறவன் என்ட தம்பி. நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லட்டா?”

“அறுத்ததுக்குத்தான் என்னைய இண்டைக்கும் கும்பிடுறானுகள். திருப்பிப் போடல்ல எண்டு எப்பிடிச் சொல்லுற?”

“வாயாலதான்.”

5
முடிவு ஒன்று: சட்டம் மெல்லச் சரிந்து— (அடித்துவிட்டேன். கதை நிமிர்வதற்காக ஆளை விழுத்துகிற எழுத்து உண்டு. நான் விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன்.)

முடிவு இரண்டு: அவன் உண்மையைச் சொல்கிறான், எல்லாரும் கட்டிப்பிடிக்கிறார்கள். (பொய். சிலர் மன்னிப்பார்கள். ஆனால் அந்த ஒன்பது நாளைப் பற்றிப் பேசும்போது இனி அவன் பெயர் வரும் இடத்தில் ஒருவர் செருமுவார். அவனிடம் வேறு நல்ல நாட்கள் இல்லை.)

வேலையைப் பார்வையிட வந்து நின்ற கம்சாயினியிடம் நிரோசன் நடந்து போனான்.

“மிஸ்.”

அவள் திரும்பினாள்.

இதற்குமேல் நான் எழுதவில்லை. அடுத்த வசனம் உங்களுடையது. அழகான வசனமாகத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். மேலே நிலோஜன் மூன்றாவது தகரத்தின் ஆணியைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.