தக்காளி என்று வைத்துக்கொள்வோம்

1

இந்தக் கதை அக்கா சொன்ன ஒரு ரகசியத்திலிருந்து வந்தது. யாரிடமும் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

மரபணு மாற்றிய உணவுகளைச் சோதித்து அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகத்தில் அக்கா அதிகாரி. நாலு வருடமாக அவள் மேசையில் கிடப்பது ஒரே ஒரு காய். தக்காளி என்று வைத்துக்கொள்வோம். (என்ன காய் என்று எழுதினால் இனி வீட்டுப் பக்கம் வராதே என்றிருக்கிறாள்.)

2

முதல் தொடக்கம்: "பேராசை பிடித்த கம்பெனியின் விதைகள் ஊருக்குள் நுழைந்த அந்த இருண்ட—"

வேண்டாம். அந்தக் கம்பெனியிலிருந்து வருபவர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற சாது.

இரண்டாவது: "அறிவியலின் கழுத்தை நெரிக்கும் அரசாங்கக் கோப்புகள்—"

இதுவும் வேண்டாம். நெரிப்பவள் என் அக்கா. எனக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பவள். வில்லன் இல்லாமல் கதை எழுதுவது எத்தனை எரிச்சல் பிடித்த வேலை என்று உங்களுக்கென்ன தெரியும்?

3

சோதனை முடிந்ததும் மிச்சக் காய்களை நீராவியில் வேகவைத்து, விதையைச் சாகடித்து, குழியில் கொட்ட வேண்டும். அது விதி. அன்றைக்கு அலுவலகம் முழுக்கச் சமையல் வாசனை. டைப்பிஸ்ட் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது.* வைக்கவில்லை என்று பொறுப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் கோப்பு நகரும்.

* அதாவது, மக்கள் சாப்பிடலாமா என்று முடிவு செய்பவர் சாப்பிடக் கூடாது. இந்த விதியை எழுதியவர் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, விடுங்கள்.

4

போன வாரம் அலுவலகத்தில் காய் வெந்த பாத்திரத்தை அக்கா திறந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதான்டா தின்னேன்," என்றாள், அன்று ராத்திரி என் சமையலறையில் நின்றுகொண்டு. "அதோட புரதம், சர்க்கரை, தோலு எவ்வளவு தடிமன், எல்லாம் எனக்கு மனப்பாடம். ருசி மட்டும் தெரியாது."

(இங்கே அவள் முகத்தை வர்ணித்து மூன்று வாக்கியம் எழுதினேன். மூன்றும் பொய். பயந்து போயிருந்தாள், அவ்வளவுதான்.)

5

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள். காய் கடைக்கு வருகிறது. அவள் வாழ்நாளில் போட்ட முதல் பொய்க் கையெழுத்து.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். வேலை போகிறது. சோதனை மறுபடி முதலிலிருந்து. கண்ணாடிக்காரர் மறுபடியும் வந்து—

இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"கேவலமா இருந்திருந்தா அன்னைக்கே போய் ஒத்துக்கிட்டிருப்பேன்டா. நல்லா இருந்துச்சு. இப்ப அனுமதி கொடுக்கலாம்னு எழுதினா, அதைச் சோதனை சொல்லுதா, என் நாக்கு சொல்லுதான்னு எனக்கே தெரியல."

இதற்கு என்னிடம் மூன்றாவது முடிவு இல்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

6

கையெழுத்து நாளைக் காலை. முடிவை நான் எழுதப் போவதில்லை. அக்காவின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். போடுவீர்களோ மாட்டீர்களோ, உங்கள் பாடு.

உங்கள் முடிவை அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் கேட்டுவிடுவாள் போலிருக்கிறது.