உம்மு ராக்கானின் கையெழுத்து

“இடுப்பைப் பிடி. தலையை அவர் பாத்துக்குவாரு,” என்று மேலேயிருந்து சொன்னார் வாப்பாவின் தம்பி நாயிஃப் சாச்சா.

கைஸ் குழிக்குள் நின்றபடி கைகளை உயர்த்தினான். வெள்ளைத் துணியில் சுற்றிய வாப்பா அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தார். ஈரத்துணி மூட்டை சரிவதுபோலக் கைகளுக்குள் சரிந்தார். எதிரே நின்ற குழிவெட்டுகிறவர் வாப்பாவின் தோளைத் தாங்கிக்கொண்டார்.

“வலப்பக்கமாத் திருப்பு. கன்னம் மண்ணுல படட்டும். பயமா இருக்கா தம்பி?” என்றார் அவர்.

“இல்ல.”

பயமாகத்தான் இருந்தது. கரக் ஊரின் ஜனவரிக் காற்று மேலே ஆட்களின் மேலங்கிகளைப் படபடக்க வைத்தது. குழிக்குள் காற்றே இல்லை. அவன் கண்ணுக்கு நேராக, குழியின் விளிம்பை ஒட்டி, சின்ன மேடு ஒன்று தெரிந்தது. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், பெயர் எதுவும் இல்லை. அது அவனுடைய அண்ணன் ராக்கான். மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் போனவன். கைஸ் பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

“ஏறி வா,” என்றார் சாச்சா. கை கொடுத்துத் தூக்கிவிட்டார். தூக்கிய கையை உடனே விட்டும்விட்டார்.

மூன்று நாள் துக்க விசாரிப்பு, குடும்பத்தார் கூடும் மண்டபத்தில் நடந்தது. கைஸ் வாசலில் சாச்சாவுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான். சர்க்கரை போடாத காப்பி, பேரீச்சம்பழம், மண்ணெண்ணெய் ஹீட்டரின் வாடை. எல்லோரும் இறந்தவரை அபூ ராக்கான் என்றே சொன்னார்கள். மூத்தவன் பிறந்த நாளிலிருந்து வாப்பாவுக்கு அதுதான் பெயர், ராக்கானின் தகப்பன்; உம்மா உம்மு ராக்கான், ராக்கானின் தாய். மூத்தவன் போனபிறகும் அது மாறவில்லை. ஃபவ்வாஸ் என்று வாப்பாவுக்கு ஒரு சொந்தப் பெயர் இருப்பதே சுவரில் ஒட்டிய இரங்கல் தாளைப் பார்த்துத்தான் பலருக்கும் நினைவுக்கு வந்திருக்கும்.

இரண்டாம் நாள், மஆன் ஊரிலிருந்து ஒரு கிழவர் வந்தார். வாப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவராம். கைஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நீதான் ராக்கானா?”

பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

“ஆமா,” என்றான் கைஸ்.

“அப்படியே உங்க வாப்பா மூக்கு,” என்று சொல்லிவிட்டுக் கிழவர் உள்ளே போனார்.

உள்ளே பேச்சு எங்கே சுற்றினாலும் அந்த விஷயத்துக்கே திரும்பி வந்தது. நாட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக நிறுத்தி வைத்திருந்த கட்டாய ராணுவ சேவையைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று மாசம். குலுக்கலில் பெயர் வந்தவர்கள் போக வேண்டும். கைஸின் பெயரும் வந்திருந்தது.

“நல்ல வேலை செஞ்சாங்க,” என்றார் சாச்சா. ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். “பசங்க கையில போனும் தலையில ஜெல்லுமா அலையிறானுங்க.”

“எனக்கு டிகிரி குடுத்தாங்க, வேலை குடுக்கல,” என்றான் பெரியப்பா மகன் ஹாஸிம். டாக்சி ஓட்டுகிறவன். “இவனுக்கு பூட்ஸ் குடுக்கப் போறாங்க. மூணு மாசம் கழிச்சு அதே பூட்ஸோட டீக்கடையில வந்து உக்காருவான். அதுக்கு எதுக்கு இவ்வளவு கொட்டு மேளம்?”

“பூட்ஸ் போட்டா காலையில எந்திரிக்கவாவது தெரியும்டா. உனக்கெல்லாம் மத்தியான ளுஹர் பாங்கு சொல்றப்பதான் விடியக்கால சுப்ஹு.”

யாரோ சிரிக்கப் போய், இடம் ஞாபகம் வந்து, இருமினார்கள்.

“எங்க அண்ணன் ரெண்டு வருஷம் இருந்தாரு. பாலைவனத்துல, கூடாரத்துல. ஒரு வார்த்தை முனகினது கிடையாது. இப்ப மூணு மாசத்துக்கு அழறானுங்க.”

“யாரு அழுதா?” என்றான் ஹாஸிம்.

“யாரும் அழல. பொதுவாச் சொன்னேன்.”

கைஸ் குனிந்து காப்பிக் கிண்ணத்தைப் பார்த்தான். வாப்பா இவரிடம் சொல்லியிருப்பாரோ என்று தோன்றியது.

ஏனென்றால் அவன் சொல்லியிருந்தான், ஒரே ஒரு தடவை. போனில் அந்தச் செய்தி வந்து ஒரு வாரம் இருக்கும். தண்ணீர் நிரப்பும் இடத்தில் வாப்பாவின் டேங்கர் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். செய்தி வந்த அன்று வாப்பா டிவியைப் பார்த்தபடியே, “நல்லது. இவன் தலைமுடியை வெட்டவாவது ஒரு ஆள் கிடைச்சானே,” என்று மட்டும் சொல்லியிருந்தார். கைஸ் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“வாப்பா, எனக்கு பயமா இருக்கு.”

எதற்கென்று கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. முன்பின் தெரியாத நாற்பது பேரோடு ஒரே கூடத்தில் படுப்பது. விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பது. பதினெட்டு வயதாகியும் நடையில் ஒரு விளக்கு எரிந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

வாப்பா லாரியின் மேல்மூடியை எட்டிப் பார்த்தார்.

“குழாயை மூடு. வழியுது பாரு.”

அதோடு சரி. அதற்குப்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. அதன்பின் வாப்பா சில நாட்கள் காலையிலேயே கிளம்பிப் போனார். டயர் பார்க்க, பம்பு பார்க்க என்று ஏதாவது சொல்வார். போன வாரம் ஒருநாள் ஆறு பனியன் அடங்கிய புதுப் பாக்கெட்டும் ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவும் வாங்கிவந்து அலமாரிக்கு மேல் வைத்தார். கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியலும் போனில் வந்திருந்தது. எல்லாத் துணியிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

மூன்றாம் நாள் மண்டபம் காலியானபிறகு, சாச்சா காரின் பின்சீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தார்.

“ஆஸ்பத்திரியில குடுத்தது. அவரு ஜாக்கெட். இறப்பைப் பதிவு பண்ண குடும்பப் புத்தகம் வேணும், வீட்டுல தேடி எடுத்து வை.” கொஞ்ச நேரம் சாவிக்கொத்தைத் திருகினார். “ஒண்ணுதான்டா எனக்குப் புரியல. டயர் மாத்தப் போறேன்னுல்ல வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்காரு. பதிவு ஆபீஸ் நாற்காலியில உக்காந்து உசுரை விட்டிருக்காரு. அங்க என்ன வேலை இவருக்கு?”

“தெரியல சாச்சா.”

வீட்டில் தேட வேண்டியிருக்கவில்லை. குடும்பப் புத்தகம் ஜாக்கெட்டின் உள்பையிலேயே இருந்தது. அதற்குள் மூன்று தாள்கள். வரிசை எண் 47 என்று அச்சடித்த ஒரு துண்டு. ஒரு பழைய ஆஸ்பத்திரிச் சான்றின் நகல், போன அக்டோபரில் வாங்கிய முத்திரையோடு. கைஸ் பயமாக இருக்கிறது என்று சொன்ன மாசம். மூன்றாவது, ஒரு விண்ணப்பம். *மகன் ராக்கான் ஃபவ்வாஸின் இறப்பைக் காலம் கடந்து பதிவு செய்தல்.* தந்தை என்ற இடத்தில் வாப்பாவின் கையெழுத்து இருந்தது. தாய் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

கைஸ் அதை மூன்று தடவை படித்தான்.

வீட்டுக்கு ஒரே மகன் என்றால் சேவையிலிருந்து விலக்கு உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குடும்பப் புத்தகத்தில் மகன்கள் இரண்டு பேர். ராக்கானை அடக்கிய அன்று உம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, “நான் உசுரோட இருக்கிற வரைக்கும் எம்புள்ள பேர்ல யாரும் கோடு போடக் கூடாது,” என்று சொன்னாளாம். வாப்பா போடவில்லை. ஆறு வயதானபோது ராக்கானை ஏன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை என்று கேட்டு வீட்டுக்குக் கடிதம் வந்தது. பதினெட்டானபோது வாக்காளர் பட்டியலில் பெயர் வந்தது. ஒவ்வொன்றையும் வாப்பா சத்தமில்லாமல் மடித்து லாரியில் கொண்டுபோய் வைத்துவிடுவார். அரசாங்கத்தைப் பொறுத்தவரை ராக்கானுக்கு இப்போது இருபத்துமூன்று வயது.

உம்மாவிடம் நேராகக் கையெழுத்துக் கேட்க முடியவில்லை. உம்மா அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கணவனுக்காக இத்தா இருப்பவள். நாலு மாசம் பத்து நாள் வாசலைத் தாண்ட மாட்டாள். அவனும் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் மட்டும்தான். கைஸ் விண்ணப்பத்தைக் குடும்பப் புத்தகத்துக்குள் பாதி வெளியே தெரியும்படி செருகி, டீத்தட்டின் பக்கத்தில் வைத்தான்.

“வாப்பா ஜாக்கெட்ல இருந்துச்சு,” என்றான். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

வியாழக்கிழமை காலை, புத்தகம் சமையலறை மேடையில் ரொட்டிப் பைக்கு அடியில் இருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்து விழுந்திருந்தது. உம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“இன்னிக்கு விட்டா வெள்ளி, சனி லீவு, ஆபீஸ் ஞாயித்துக்கிழமைதான்,” என்றாள்.

“ஆமா.”

“ஞாயித்துக்கிழமைதானே உன்னைப் பட்டாளத்துக்கு வரச் சொன்னது?”

“காலையில அஞ்சரை மணி பஸ்.”

“அப்ப சீக்கிரம் போ. கழுத்துக்குத் துணி சுத்திக்க.”

பதிவு அலுவலகக் கூடத்தில் நீல நாற்காலிகள் வரிசையாக இருந்தன. வாப்பா எதில் உட்கார்ந்திருந்தார் என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அவன் உட்காராமல் சுவரோரம் நின்றான். அவன் எண் 112. முறை வரும்போது மணி இரண்டரை ஆகிவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு உம்மாவின் வயது இருக்கும். கம்பளிக் கையுறையில் விரல் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டிருந்தாள்.

வாப்பாவின் இறப்பைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். முத்திரை குத்தும்போது மட்டும் பெயரைப் பார்த்துக் கை நின்றது.

“ஞாயித்துக்கிழமை இங்க... அவரா?”

“ஆமா.”

“அல்லா ரஹ்மத் செய்யட்டும். வேற ஏதாவது இருக்கா?”

அவன் விண்ணப்பத்தையும் நகலையும் ஜன்னலுக்குள் தள்ளினான். அவள் தேதிகளைப் பார்த்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். எதற்காக இப்போது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த வாரத்தில் அவளுடைய ஜன்னலுக்கு இப்படி எத்தனை பேர் வந்தார்களோ.

“எல்லாம் சரியா இருக்கு. ஆனா இது என்ன?” விரலால் தாயின் கட்டத்தைத் தொட்டாள்.

கைஸ் பார்த்தான். எதுவும் தப்பாகத் தெரியவில்லை. உருண்டை எழுத்தில், நிதானமாக, உம்மு ராக்கான் என்று இருந்தது.

“உம்மா போட்ட கையெழுத்து.”

“அது தெரியுது தம்பி. சொந்தப் பேர் போடணும். அடையாள அட்டையில இருக்கிற பேர்.”

“எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“என்னையும்தான் உம்மு ஸுஹைப்னு கூப்பிடுறாங்க. கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா?” கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். “புது விண்ணப்பம் வாங்கிட்டுப் போயிட்டு வர நேரம் இல்ல. இந்தா பேனா. இது மேல ஒரு கோடு போட்டு அடி. பக்கத்துல உங்க உம்மா பேரை எழுது. நான் பிரிண்டர்கிட்ட போறேன். பாக்கல.”

அவள் எழுந்து போனாள்.

பேனா நூலில் கட்டியிருந்தது. நூலுக்கு நீளம் போதவில்லை. அவன் தாளை அருகில் இழுத்தான். ஃபத்திய்யா. அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. எழுதுவது கஷ்டமில்லை, ஐந்து வினாடி வேலை. முனையை ‘உம்மு’வின் முதல் எழுத்துக்கு இந்தப் பக்கம் வைத்தான். ஒரு புள்ளி விழுந்தது.

“தம்பி, சீக்கிரம், நான்தான் கடைசி ஆளு, மூடிடுவாங்க,” என்றார் பின்னால் நின்றவர்.

பிரிண்டர் சத்தம் நின்றது. அந்தப் பெண் திரும்பி வந்தபோது பேனா நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தாள் ஜன்னலில் இல்லை, அவனும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது உம்மா நடையில் நின்றிருந்தாள். வாசல்படிக்கு உள்ளே, சரியாக அந்தக் கோட்டில்.

“முடிஞ்சுதா?”

“வாப்பாவோடது முடிஞ்சுது.”

கைஸ் கழுத்துத் துணியை அவிழ்த்தான். அது சிக்கிக்கொண்டது.

“அது?”

“கோடு போடச் சொன்னாங்க.”

“எதுல?”

“உன் கையெழுத்துல.”

தண்ணீர்த் தொட்டியில் எங்கோ சொட்டுகிற சத்தம் கேட்டது. அவனுக்கு ஒரு நிமிஷம் திரும்பி ஓடிப் போய் ஜன்னலைத் தட்டலாமா என்றுகூடத் தோன்றியது. மணி மூன்றரை ஆகியிருந்தது.

உம்மா அவன் கழுத்துத் துணியை எடுத்துவிட்டாள். மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள்.

“அந்த மார்க்கர் எங்க?” என்று கேட்டாள்.

சனிக்கிழமை மாலை ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்தாள். பனியனின் கழுத்துப்பட்டைக்கு உள்பக்கம், அடியில் ஒரு அட்டையை வைத்து, எழுத ஆரம்பித்தாள். கைஸ் எதிரே உட்கார்ந்து, எழுதி முடித்ததை வாங்கி விரித்து வைத்தான்.

“அங்க விளக்கை அணைச்சிடுவாங்களா?” தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“பத்து மணிக்கு.”

“எல்லாத்தையுமா?”

“தெரியல.”

அவள் ஊதினாள். மை பஞ்சுத்துணியில் லேசாகப் பரவி நின்றது. கைஸ். அடுத்ததில், கைஸ். நாற்காலி முதுகுகளிலும், ஹீட்டர் கம்பியிலும், வாப்பா சாய்ந்து உட்காரும் மெத்தையிலும் பனியன்கள் காய்ந்தன. பிறகு துண்டு. பிறகு உள்ளாடைகள். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, “உம்மு ராக்கான், சூப்பு கொண்டாந்தேன்,” என்று குரல் கொடுத்தாள். உம்மா, “வச்சிட்டுப் போ, அல்லா உனக்கு நன்மை தரட்டும்,” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

காலுறைகள் மட்டும் மிச்சம் இருந்தன. எட்டு. ஏழாவதில் மை மங்கியது. எட்டாவதில் பேனா கீறியதே தவிர எழுதவில்லை. அவள் அதை உதறினாள், முனையை நாக்கில் தொட்டுப் பார்த்தாள். காலுறையை முழங்காலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.